திருகு நிற்கும், கேப் நிற்குமா?

இம்ப்ளான்ட் பல் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, “இந்தத் திருகு எத்தனை வருஷம் வரும் டாக்டர்?” என்றுதான். எலும்புக்குள் போகிற டைட்டானியத் திருகைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டியதில்லை. ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965-ல் தன் முதல் நோயாளிக்குப் பொருத்திய திருகுகள், அந்த மனிதர் 2006-ல் இறக்கும்வரை தாடையில் இருந்தன. மேலே உட்கார்கிற செராமிக் கேப்பின் கதை வேறு. முறுக்கையும் நல்லி எலும்பையும் நேருக்கு நேர் சந்திப்பது அதுதான்.

நம் சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு உண்டு. கடிக்கும்போது பல் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். சோற்றில் கல் இருந்தால் சட்டென்று தாடையை நிறுத்துவதில் அந்தச் சவ்விலுள்ள நரம்புகளுக்குப் பெரிய பங்கு. இம்ப்ளான்ட்டுக்குச் சவ்வு கிடையாது. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்த இறுக்கம்தான் சிகிச்சையின் வெற்றி, கேப்புக்கு அதுவே சோதனை. விழுகிற அடி குறையாமல் செராமிக் மீது இறங்குகிறது.

பில்லில் ‘செராமிக்’ என்று ஒரே சொல்லாக எழுதினாலும் சரக்கு ஒன்றல்ல. சாதாரண போர்சலினின் வளைவு வலிமை சுமார் 100 மெகாபாஸ்கல். லித்தியம் டைசிலிகேட் 400-ஐ ஒட்டி வரும். ஜிர்கோனியா 900 முதல் 1,200 வரை. அதில் விரிசல் விழுந்தால், விரிசலின் நுனியில் உள்ள படிகங்கள் வடிவம் மாறிப் பருத்து, அதை நெருக்கி நிறுத்திவிடும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1975-ல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதியபோது ‘பீங்கான் எஃகா?’ என்றே தலைப்பு வைத்தார்கள்.

பிறகு ஏன் ஜிர்கோனியா கேப் உடைந்தது என்று ஆட்கள் திரும்பி வந்தார்கள்? உடைந்தது பெரும்பாலும் ஜிர்கோனியா அல்ல, அதன் மேல்பூச்சு. ஆரம்பகால ஜிர்கோனியா சுண்ணாம்பு வெள்ளையாக இருந்ததால், பல்லின் நிறம் வர லேபில் அதன்மேல் போர்சலின் ஏற்றிச் சுட்டார்கள். ஜிர்கோனியா வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். சூளையிலிருந்து அவசரமாக ஆறவிட்டால் பூச்சுக்குள் இறுக்கம் தங்கிவிடும். பின்னொரு நாள் சில்லாகப் பெயரும். அழகுக்காகச் செய்தது ஆயுளைக் குறைத்தது.

இன்று ஒரே கட்டியிலிருந்து கணினி இயந்திரம் கடைந்தெடுக்கும் முழு ஜிர்கோனியா கேப் வந்துவிட்டது. கடைவாய்ப் பல்லுக்கு என் ஓட்டு அதற்குத்தான். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் புதிய ரகம் முன்பல்லுக்கு அழகு. ஆனால் வலிமை கணிசமாகக் குறைவு. எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா போர்சலினைவிடக் குறைவாகவே தேய்க்கும். டாக்டர் கடி சரிபார்த்து ராவிய இடத்தை மறுபடி மெருகேற்றாமல் விட்டால்தான் வம்பு.

ஐந்து வருடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேற்பட்ட கேப்புகள் நிலைக்கின்றன என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. நம்பலாம். ஆனால் ஓரம் சில்லு பெயர்ந்தும் வாயில் இருக்கிற கேப்பும் அந்தக் கணக்கில் ‘நிலைத்தது’தான்.

எந்தப் பொருள் என்பதைப் போலவே, அதை எப்படி மாட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். சிமென்ட் வைத்து ஒட்டினால் பார்க்க அழகு. மிஞ்சிய சிமென்ட் ஈறுக்கடியில் தங்கினால் ஈறு வீங்கி எலும்பே கரையலாம். எலும்புத் திருகோடு தனியாக ஒரு சின்ன ஸ்குரூ வைத்து முடுக்கிய கேப்பை, ஏதாவது ஆனால் கழற்றி, சரிசெய்து, மறுபடி மாட்டலாம். ஆடுவதுபோல் தோன்றினால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். அதோடு மென்றுகொண்டிருந்தால் உள்ளே அந்த ஸ்குரூ முறியலாம்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் இரவு உறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டுமுன், கேப் முழு ஜிர்கோனியாவா, பூச்சு ஏற்றியதா, ஸ்குரூவா, சிமென்ட்டா என்று கேட்டு, இம்ப்ளான்ட்டின் கம்பெனி பெயரையும் அளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்றால், அது திருகுக்கு மட்டுமா, கேப்புக்கும் சேர்த்தா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.