நிக்கலைப் பழக்கியவர்

சீனன்குடாவிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: பிளாற்றினம் இல்லாமல் எரிபொருள் கலம் இயங்குமா? இயங்கும். நிக்கல் மின்வாய்களோடு அப்படியொரு கலம் நிலவுவரை போயிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை பிரித்தானிய நீர்மூழ்கிகளின் தளம். நீருக்கடியில் அவை ஈய மின்கலத்தில் ஓடின. மின் தீர்ந்தால் இரவில் மேலே வந்து டீசல் இயந்திரத்தால் மின்னேற்ற வேண்டும்; எதிரி கண்ணில் படுவதும் அப்போதுதான். அந்த மின்கலத்தின் இடத்தில் ஐதரசன்–ஒட்சிசன் கலத்தை வைக்கலாம் என்று போர்க்காலத்தில் இங்கிலாந்தில் பாடுபட்டவர் தோமஸ் பேக்கன்.

அமிலத்தில் நிக்கல் கரைந்துவிடும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் நின்று பிடிக்கும், ஆனால் குளிர்ந்த நிலையில் மந்தமான ஊக்கி. ஆகவே பேக்கன் வெப்பநிலையை 200 பாகை செல்சியசுக்கு உயர்த்தி, அழுத்தத்தையும் கூட்டினார். ஐதரசன் பக்கம் சரிவந்தது. ஒட்சிசன் பக்கம் நிக்கல் அரித்துப் பச்சை ஒட்சைட்டானது. அது மின்னைக் கடத்தாது, மின்வாய் செத்தது.

அவர் கண்ட வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். நுண்துளை நிக்கல் தகட்டை இலிதியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்து, காற்றில் சூடாக்கினார். சில நிக்கல் அயன்களின் இடத்தில் இலிதியம் போய் உட்கார்ந்தது. இலிதியத்துக்கு ஓர் ஏற்றந்தான். அந்தக் குறையை ஈடுசெய்யப் பக்கத்து நிக்கல் இன்னோர் இலத்திரனை இழந்தது. அந்த வெற்றிடங்கள் வழியே மின் தாவித்தாவி ஓடியது. பச்சை கறுப்பானது, கடத்தாதது கடத்தியது, அடியிலிருந்த உலோகமும் காப்பாற்றப்பட்டது. புதுத் தோசைக்கல்லை அம்மா எண்ணெய் தடவிச் சுட்டுச்சுட்டுப் பழக்குவது போல, வேலைக்கு முன்பே உலோகத்துக்கு ஒரு தோல் கட்டிக் கொடுத்தார்.

நீர்மூழ்கியில் அது ஏறவில்லை. 1959இல் 5 கிலோவாற்று கலத்தை அவர் இயக்கிக் காட்டினார். அதன் வழிவந்தவை அப்பல்லோ விண்கலங்களுக்கு மின்சாரமும் குடிநீரும் கொடுத்தன. விண்வெளியில் தூய ஒட்சிசன் கொண்டுபோனார்கள். துறைமுகப் படகொன்றில் காற்றை ஊட்டினால், அதிலுள்ள காபனீரொட்சைட்டு காரத்தோடு சேர்ந்து காபனேற்றாகித் துளைகளை அடைக்கும். முதலில் காற்றைக் கழுவ வேண்டும்.

2023இல் இந்திய–இலங்கைக் கூட்டறிக்கை திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றியும் பசுமை ஐதரசன் பற்றியும் பேசியது. நல்லது. ஆனால் குதங்களையும் குழாய்களையும் பற்றியே பேசுகிறோம். மின்வாயின் மேற்பரப்பைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஆய்வுகூட மேசை ஒதுக்குவதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அது ஆறாத கவலை.

நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஆசிரியர் முன்னிலையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஐதான காரத்தில் இரண்டு நிக்கல் வலைகளை வைத்து நீரை மின்பகுங்கள். பிறகு மின்கலத்தைக் கழற்றி வோல்ற்றுமானியை இணையுங்கள். வலைகளில் ஒட்டிய வாயுக்களால் முள் சற்று நேரம் விலகி நிற்கும். அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.