நான்கு வினாடி டிரம்ஸ்

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஹாலிஸ் என்றொரு குடியிருப்பு. அங்கே வளர்ந்த மூன்று இளைஞர்களுக்கு ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தக் குழு 1975இல் வெளியிட்ட ‘டாய்ஸ் இன் தி அட்டிக்’ இசைத்தட்டு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் பக்கம், நான்காவது பாட்டு. அதிலும் தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் நான்கு வினாடி. பாடகர் வாய் திறக்கும் முன்பே தட்டைப் பின்னுக்குத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து விடுவார்கள். அந்தத் தாளத்தின்மேல் தங்கள் சொந்த வரிகளைச் சொல்வார்கள்.

ஜோசப் சிம்மன்ஸ், டேரில் மெக்டேனியல்ஸ், ஜேசன் மைசெல். பின்னாளில் ரன்-டிஎம்சி என்று உலகம் அறிந்த மூவர். அந்தப் பாட்டு ‘வாக் திஸ் வே’.

நான்கு வினாடியை எப்படி நான்கு நிமிடமாக்குவது? இதற்கு ஒரே தட்டின் இரண்டு பிரதிகள் வேண்டும், இரண்டு டர்ன்டேபிள்கள் வேண்டும். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். அதாவது மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. ஆக, நான்கு வினாடித் தாளம் என்பது தட்டின் கணக்கில் இரண்டேகால் சுற்றுக்கு அருகில். முதல் தட்டில் தாளம் முடியும் நொடியில் இரண்டாவது தட்டுக்கு ஒலியை மாற்றிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் தட்டை அத்தனை சுற்று பின்னுக்குத் திருப்பி வைத்துவிட வேண்டும். ஊசி எடுக்கப்படுவதே இல்லை. தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஒரு கோடு போட்டுவைத்தால் எத்தனை சுற்று என்று கண்ணால் எண்ணலாம். பிராங்க்ஸ் பகுதியின் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் 1970களில் செய்துகாட்டிய வழி இது.

எந்திரமும் ஒத்துழைக்க வேண்டும். பழைய பிளேயர்களில் மோட்டார் ஓரமாக இருக்கும். ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைத் தாங்கும் சுழல்மேசையைச் சுழற்றும். கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால், பெல்ட் வழுக்கி, தட்டு சோம்பலாக வேகம் பிடிக்கும்; அதுவரை டிரம்ஸ் முனகும். 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200இல் பெல்ட் கிடையாது. மோட்டாரின் அச்சிலேயே சுழல்மேசை உட்காரும். விட்ட கையோடு, ஒரு வினாடிக்குள் முழுவேகம் வந்துவிடும். தட்டுக்கடியில் வழவழப்பான கம்பளித் துணி ஒன்றை விரித்தால், கீழே சுழல்மேசை ஓடிக்கொண்டே இருக்கும், மேலே தட்டு விரலுக்கு அடங்கி நிற்கும். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கச் செய்த பெட்டி இப்படித்தான் ஒரு வாத்தியமாயிற்று. தட்டின் பள்ளத்தில் உறைந்திருக்கும் நெளிவுகளை ஊசி எவ்வளவு வேகமாகக் கடக்கிறதோ அவ்வளவு உயரும் சுருதி. இரு மடங்கு வேகத்தில் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. விரலால் தட்டை முன்னும் பின்னும் அசைக்கும்போது கேட்கும் அந்த ‘விக்கி விக்கி’ ஒலி, சுருதி ஏறி இறங்கும் ஒலிதான்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் காதுக்கு என்ன கிடைக்கிறது? கலிபோர்னியாவில் டயானா டாய்ட்ச் என்ற உளவியலாளர், 1995இல் தன் பேச்சைப் பதிவுசெய்து திருத்திக்கொண்டிருந்தார். அதில் ஒரு சொற்றொடர் தற்செயலாகச் சுழன்று திரும்பத் திரும்ப ஒலித்தது. சிறிது நேரத்தில், யாரோ ஒரு பெண் பாடுவதுபோல் அவருக்குக் கேட்டது. பாடியது அவரது சாதாரணப் பேச்சுதான்! ஒலியில் ஒரு துளி மாற்றமில்லை. மாறியது கேட்கும் மூளை. பின்னர் நடத்திய சோதனையில், துண்டைப் பத்து முறை அச்சுப்பிசகாமல் ஒலிக்கவிட்டபோது கேட்டவர்கள் அதைப் பாட்டாகவே திருப்பிச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் சுருதியைச் சற்று மாற்றிவிட்டால் அது பாட்டாகக் கேட்கவில்லை. முதல் முறை கேட்கும்போது மூளை பொருளைத் தேடுகிறது. பொருள் தீர்ந்த பிறகும் ஒலி வந்துகொண்டே இருந்தால், கவனம் ஏற்ற இறக்கத்தின் பக்கம் திரும்புகிறது என்பது இதற்கு ஒரு விளக்கம். உங்கள் கைப்பேசியிலேயே ஒரு வாக்கியத்தைப் பதிந்து, அதே பதிவைப் பத்து முறை கேட்டுப் பாருங்கள்.

பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே சுவர் இல்லை, வரப்புதான் இருக்கிறது. ஏரோஸ்மித் பாட்டு அந்த வரப்பிலேயே பிறந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. 1974இன் இறுதியில் ஹோனலூலுவில், கச்சேரிக்கு முன் ஒலி சரிபார்க்கும் நேரம். கிட்டார்காரர் ஜோ பெர்ரி, டிரம்ஸ்காரர் ஜோயி கிரேமரை ஒரு தாளம் போடச் சொல்லி, அதன்மேல் விரலோட்டினார். நியூ ஆர்லியன்ஸின் ‘தி மீட்டர்ஸ்’ என்ற கறுப்பினக் குழுவின் துள்ளல் அப்போது அவர் காதில் இருந்தது. பாடகர் ஸ்டீவன் டைலர் டிரம்ஸ்காரராகத் தொடங்கியவர். அவர் இந்தப் பாட்டில் மெட்டை நீட்டாமல் ஓரிரு சுருதியிலேயே நின்று அசைகளைப் பொரிந்து தள்ளினார். கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும்: வாயால் வாசித்த டிரம்ஸ் அது.

பின்னாளில் ரன்-டிஎம்சியின் தயாரிப்பாளர் ரிக் ரூபின் காதில் அது ராப்பாகவே விழுந்தது. பாட்டை முழுவதும் கேட்டு வரிகளைப் பாடம் பண்ணுங்கள் என்று ரன்-டிஎம்சியிடம் தட்டைக் கொடுத்தார். அவர்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதுவரை அவர்கள் அந்த வரிகளைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லையே! ஆனாலும் 1986 மார்ச்சில் மன்ஹாட்டனில் ஒரு ஸ்டுடியோவில் இரு தரப்பும் கூடிப் பதிவுசெய்தார்கள். பழைய வடிவம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 10ஆம் இடம்வரை வந்திருந்தது; புதியது 4ஆம் இடத்தைத் தொட்டது. ராப் பாட்டொன்று அந்தப் பட்டியலில் முதல் ஐந்துக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அன்று ஸ்டுடியோவுக்கு ஏரோஸ்மித்திலிருந்து வந்தவர்கள் இருவரே: டைலரும் பெர்ரியும். ஹாலிஸ் இளைஞர்கள் வருடக்கணக்காகப் பின்னுக்குத் திருப்பித் திருப்பிக் கேட்ட அந்த நான்கு வினாடியை வாசித்த ஜோயி கிரேமர் வரவில்லை.