வானிலிருந்து வந்த போர்: பினாங்குப் போர் அருங்காட்சியகமும் தமிழர் நினைவும்

முன்னுரை

போர் அருங்காட்சியகம் என்றவுடன் பீரங்கியும் போர் விமானமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை இயக்கியோரின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. குண்டு விழுந்த மண்ணில் வாழ்ந்தோரின் வரலாறு அத்துணை எழுதப்படவில்லை. பினாங்குத் தீவின் தென்கிழக்கில், பத்து மாவுங் குன்றின்மேல் அமைந்த போர் அருங்காட்சியகத்தை இந்நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலை நோக்கிய கோட்டை

1930-களில் ஆங்கிலேயர் இக்குன்றில் ஒரு கோட்டையைக் கட்டினர். பீரங்கி மேடைகள், வெடிமருந்துக் கிடங்குகள், சுரங்க வழிகள், வீரர் குடியிருப்புகள் ஆகியவற்றை இன்றும் அங்குக் காணலாம். போருக்குப் பின் நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்த இவ்விடம் 2002-இல் தனியார் முயற்சியால் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இது வானூர்திகளுக்கென அமைந்த அருங்காட்சியகம் அன்று. எனினும் இக்கோட்டை பயனற்றுப் போனதற்கான காரணத்தை வான்போரிலேயே தேட வேண்டும். அதன் பீரங்கிகள் கடல்வழி வரும் பகைக் கப்பல்களை எதிர்நோக்கி நின்றன. பகைவரோ வான்வழியாகவும் வடக்கே தரைவழியாகவும் வந்தனர்.

பட்டர்வொர்த்தும் ஜார்ஜ் டவுனும்

தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் விமானத்தளம் 1941 டிசம்பர் 9-ஆம் நாள் தாக்கப்பட்டது. சிங்கோராவைத் தாக்கப் புறப்படவிருந்த பிளென்ஹைம் விமானங்களுள், ஆர்தர் ஸ்கார்ஃப் ஓட்டியது மட்டுமே அப்போது வானில் எழுந்திருந்தது. அவர் தனியே சென்று தாக்கினார். கடுங்காயத்துடன் திரும்பி அலோர் ஸ்டார் அருகே விமானத்தைத் தரையிறக்கிய பின் உயிர்நீத்தார். 1946-இல் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீசின. நகரைக் காக்க வானெதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய மக்களுள் பலர் மாண்டனர். தமிழர் பலர் உழைத்த துறைமுகப் பகுதியும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. சில நாள்களில் ஐரோப்பியர் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர்; ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர்.

கொடியிறக்கிய தமிழர்

அந்நிலையில் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியரும் இலங்கைத் தமிழருமான மாணிக்கசோதி சரவணமுத்து பொறுப்பேற்று முன்வந்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடியை ஏற்றினார். நகரில் படைகள் இல்லை என்பதைப் பினாங்கு வானொலி வழியே ஜப்பானியருக்கு அறிவித்தார். குண்டுவீச்சை நிறுத்துவதே அவ்வறிவிப்பின் நோக்கமாகும். டிசம்பர் 19-இல் ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர். 1970-இல் வெளிவந்த 'த சாரா சாகா' என்னும் அவர்தம் ஆங்கிலத் தன்வரலாறு இக்காலத்தை அறிய நமக்கு உதவுகிறது.

ஸ்கார்ஃபின் துணிவுக்குப் பதக்கம் சான்றாக உள்ளது. சரவணமுத்துவின் செயலுக்கு அத்தகைய பொருட்சான்று இல்லை. இறங்கிய கொடியையும் ஒலித்து மறைந்த குரலையும் கண்ணாடிப் பேழையில் வைத்தல் இயலாது. படைக்கலம் நிலைக்கிறது, மக்களைக் காத்த செயல் எழுதினாலன்றி நிலைப்பதில்லை. பொருள்களைக் கொண்டு மட்டும் வரலாறு சொல்லும்போது நேரும் குறை இதுவே.

முடிவுரை

1941-இல் பத்து வயதினராக இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் நேரில் கேட்டறியும் வாய்ப்பு நாளும் குறைகிறது. ஆகவே தமிழாசிரியர்கள் மாணவரைப் பத்து மாவுங்கிற்கு அழைத்துச் செல்லும்போது, பீரங்கி மேடைகள் எத்திசையை நோக்குகின்றன என முதலில் கேட்கலாம். பின்னர் கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் அழைத்துச் சென்று, அங்குக் கொடியிறக்கியவர் யார் எனக் கேட்கலாம். மூன்றாவது வினாவை மாணவர் தம் இல்லத்து முதியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வரட்டும்: விமானங்கள் வந்த அன்று நம் குடும்பத்தார் எங்கிருந்தனர்? அவ்விடைகளைத் தொகுத்துக் காப்பது நம் கடமையாகும்.