நிலாவில் விழுந்த விக்ரம்: சென்னையில் இருந்தபடியே துப்பு கொடுத்த என்ஜினீயர்! டெலஸ்கோப் இல்லாமல் சாதித்தது எப்படி?

ஆவடி:

ஆவடியை அடுத்த சேக்காட்டில் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நிலா சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் தெரியும். சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் அந்த நிலாவில் உடைந்து சிதறிய ஒரு துண்டை, சென்னையில் வேலை பார்த்த ஒரு என்ஜினீயர் கண்டுபிடித்தார். அவர் விஞ்ஞானி கிடையாது. சொந்தமாக ராக்கெட்டோ, ஆய்வுக்கூடமோ கிடையாது. இருந்தது லேப்-டாப்பும் பொறுமையும்தான்.

அவர் பெயர் சண்முக சுப்பிரமணியன். மதுரைக்காரர். மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படித்துவிட்டு, செல்போன் ஆப் தயாரிப்பதிலும் கம்ப்யூட்டர் வேலையிலும் இருந்தவர். விண்வெளி என்றால் உயிர்.

நடுராத்திரி ஏமாற்றம்

2019-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி சந்திரயான்-2 விண்ணில் பாய்ந்தது. அதில் இருந்து பிரிந்த விக்ரம் லேண்டர் செப்டம்பர் 7-ந் தேதி அதிகாலை நிலாவில் இறங்க வேண்டும். நாடே தூங்காமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. தரைக்கு 2.1 கிலோ மீட்டர் உயரத்தில் இருந்தபோது தொடர்பு அறுந்துபோனதாக இஸ்ரோ அறிவித்தது.

விக்ரம் எங்கே போச்சு? என்ன ஆச்சு? டீக்கடையில் இருந்து ஆபீஸ் வரை இதே பேச்சுதான்.

செப்டம்பர் 10-ந் தேதி, விக்ரம் இருக்கும் இடத்தை நிலாவைச் சுற்றும் தங்கள் ஆர்பிட்டர் கண்டுபிடித்துவிட்டதாக இஸ்ரோ சொன்னது. ஆனால் அந்தப் படத்தை அப்போது வெளியிடவில்லை.

இரண்டு லேப்-டாப்

அமெரிக்காவின் நாசா, 2009-ம் ஆண்டு முதல் நிலாவைச் சுற்றிவரும் எல்.ஆர்.ஓ. என்ற விண்கலம் மூலம் செப்டம்பர் 17-ந் தேதி அந்தப் பகுதியைப் படம் எடுத்தது. அந்தப் படத்தை எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம் என்று இன்டர்நெட்டில் போட்டது. உலகம் முழுக்கப் பலர் இறக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை.

சண்முக சுப்பிரமணியன் என்ன செய்தார்? ஒரு லேப்-டாப்பில் விக்ரம் விழுவதற்கு முன்பு எடுத்த பழைய படம். இன்னொன்றில் புதுப் படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். பத்திரிகையில் வருமே ‘ஆறு வித்தியாசம்’, கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் இங்கே படம் பூராவும் பள்ளமும் நிழலும். அது நிலாவின் தென்துருவத்தில் இருந்து சுமார் 600 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள இடம். அங்கே வெயில் சாய்வாக விழும். சின்னக் கல்லுக்கும் நீள நிழல் இருக்கும்.

ராத்திரி பகலாகத் தேடியதில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டது. பழைய படத்தில் அந்தப் புள்ளி இல்லை!

2 மாதம் காத்திருப்பு

அக்டோபர் மாதம் டுவிட்டரில் படத்தைப் போட்டு, ‘இதுதான் விக்ரமா?’ என்று கேட்டார். நாசாவுக்கும் தகவல் அனுப்பினார். உடனே பதில் வரவில்லை. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு ‘கண்டுபிடிச்சாச்சு’ என்று நாசாவால் சொல்ல முடியாதே.

அக்டோபர் 14, 15 தேதிகளிலும் நவம்பர் 11-ந் தேதியும் அந்த இடத்தை நாசா மறுபடி படம் எடுத்தது. நவம்பர் படத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது. அதில் ஒரு புள்ளி என்பது 70 சென்டி மீட்டர். பெரிய துண்டுகளே இரண்டு புள்ளி அகலம்தான். அதாவது ஒரு சைக்கிளை விடச் சிறியது!

டிசம்பர் 2-ந் தேதி நாசா அறிவித்தது. முதல் துப்பு கொடுத்தவர் சண்முக சுப்பிரமணியன் என்று பெயர் சொல்லிப் பாராட்டியது. விக்ரம் மோதிய இடத்தில் இருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டர் தூரத்தில் அவர் பார்த்த துண்டு கிடந்தது. நம்ம ஊரில் என்றால் பொடிநடையாக 10 நிமிஷம். நாசா வெளியிட்ட படத்தில் அந்த இடத்தை, அவர் பெயரின் முதல் எழுத்தான ‘எஸ்’ என்றே குறித்திருக்கிறார்கள்.

‘எங்கள் ஆர்பிட்டர் ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டது’ என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன் விளக்கம் கொடுத்தார். ஆனாலும் சிதறிய துண்டைப் பொதுமக்கள் கண்ணுக்குக் கொண்டுவந்தது சண்முக சுப்பிரமணியன்தான்.

ஏன் விழுந்தது?

என்ஜின்கள் எதிர்பார்த்ததை விட அதிக விசை கொடுத்தன. அதைச் சமாளிக்க சாப்ட்வேரால் முடியவில்லை. இறங்க ஒதுக்கிய இடமும் 500-க்கு 500 மீட்டர்தான் என்று 2023-ல் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் கூறினார். தவறுகளைத் திருத்தி, இறங்கும் இடத்தையும் பெரிதாக்கினார்கள். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குனர் வீரமுத்துவேல், விழுப்புரத்தைச் சேர்ந்த ரெயில்வே தொழிலாளியின் மகன்.

நீங்களும் தேடலாம்

நாசாவின் நிலாப் படங்கள் எல்லாம் இப்போதும் இலவசம்தான். 2024-ல் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்த பிறகு, சேக்காடு பக்கமும் கம்ப்யூட்டர் வேலை பேச்சு அதிகம். வீட்டில் பிள்ளை லேப்-டாப்பில் கண் கொட்டாமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தால், திட்டுவதற்கு முன்பு என்ன பார்க்கிறான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிலாவாகக்கூட இருக்கலாம்!