தாச்சியில் உருகும் ஈயம்

கற்பிட்டி, கந்தக்குளி, உடப்பு என்று புத்தளம் கரையோரத்தில் கடலுக்குப் போகிறவர் வீட்டுக் கோடியில் கொஞ்சம் ஈயம் கிடக்கும். வீச்சுவலைக்கு மணி, தூண்டிலுக்குக் குண்டு, இப்போது முள்ளோடு வார்க்கும் ஈய இரையான ஜிக். முருகைக்கல் பாருக்கு மேலே ஜிக் இறக்கினால் பாரையும் சீலாவும் பாய்ந்து கவ்வும். கல்லில் மாட்டித் தங்கூசியோடு அறுந்தும் போகும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்றுதான் வீட்டிலேயே ஊற்றிக்கொள்கிறார்கள். கைவேலை என்று பார்த்தால் அழகான வேலை. என் கவலை அது நடக்கும் இடத்தைப் பற்றியது.

தென்னை நிறைந்த மாவட்டம், சிரட்டைக்குப் பஞ்சமில்லை. சிரட்டைத் தணலில் பழைய தாச்சியை வைத்து ஈயத் துண்டுகளைப் போட்டால் 327 பாகை செல்சியஸில் உருகிப் பளபளவென்று நிற்கும். சற்று நேரத்தில் மேலே சாம்பல் நிற ஆடை படியும். அதைக் கரண்டியால் ஒதுக்கி நிலத்தில் தட்டிவிட்டு, தூண்டில் முள் கிடத்திய அச்சுக்குள் ஈயத்தை ஊற்றுவார்கள். ஊற்றிய கையோடு இறுகிவிடும். ஓரத்தில் பிதுங்கியதை அரத்தால் தேய்த்து வர்ணம் பூசினால் ஜிக் தயார்.

அச்சில் ஈரம் இருந்தால் நீர் ஆவியாகி ஈயத்தை முகத்தில் அடிக்கும். அது அவர்களுக்குத் தெரியும், காயவைத்துத்தான் ஊற்றுகிறார்கள். புகைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தட்டிவிட்ட ஆடையைத்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. அது ஈய ஒட்சைட்டு. காய்ந்தால் மாவாகிவிடும், அரத்தூளும் அதோடு சேரும். குசினி வாசலில் விழுந்தது தவழும் பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும்.

விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது என்றும், தீங்கில்லாத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அளவு குறைவென்றால் வெளியே ஒன்றும் தெரியாது. படிப்பு பின்தங்கும், கவனம் சிதறும். பிள்ளை சோம்பேறி என்று ஏச்சு வாங்கும். எலும்பில் தங்கிய ஈயம் பல ஆண்டு கிடக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து இறங்கி வயிற்றுப் பிள்ளையையும் சேரும்.

செனகலின் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற கடலோர ஊரில் நடந்ததை நம் கரை அறிய வேண்டும். அங்கே கொல்லர்கள் பழைய கார் பேட்டரியை உடைத்து, ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்த்து வந்தார்கள். ஈயம் மண்ணில் சேர்ந்துகொண்டே போனது. 2007இல் உலகச் சந்தையில் ஈய விலை ஏறியதும் பெண்கள் அந்த மண்ணையே அள்ளிச் சலித்து, மூட்டை கட்டி விற்றார்கள். 2007 நவம்பர் தொடங்கி 2008 மார்ச்சுக்குள் 18 பிள்ளைகள் இறந்துபோனார்கள். எப்போதாவது நாலு குண்டு ஊற்றும் வீட்டை அதோடு ஒப்பிட முடியாதுதான். பேட்டரியை உடைக்கத் தொடங்கினால் கதை வேறு. அதன் தட்டுகளில் உலோகத்தோடு ஈயச் சேர்மங்களின் பசையும் அமிலமும் இருக்கின்றன.

வாப்பா காலம் தொட்டு ஊற்றுகிறோம், ஈயத்தைப் போலப் பாரம் வேறு எதில் உண்டு என்பார்கள். பாரத்தைப் பற்றிய பேச்சு நியாயமே. அதே நிறைக்கு இரும்பென்றால் பருமன் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், நீரோட்டம் இழுத்துப் போகும். அப்படியிருந்தும் பிரிட்டன் 1987இல் சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடுத்தது. அன்னப்பறவைகள் அவற்றை விழுங்கிச் செத்ததுதான் காரணம்.

ஊற்றத்தான் வேண்டுமென்றால் பிள்ளைகள் வராத வாடியில், காற்றுக்கு முதுகு காட்டி ஊற்றுங்கள். பேட்டரி ஈயம் வேண்டவே வேண்டாம். தணலை ஊதி ஊதி ஏற்றாதீர்கள்; 500 பாகையைத் தாண்டினால் புகையிலும் ஈயம் கூடும். ஆடையை மூடியுள்ள தகரப் பேணியில் போடுங்கள், அரம் தேய்க்கும்போது நனைத்துத் தேயுங்கள். தாச்சியும் கரண்டியும் வாடியிலேயே கிடக்கட்டும். சாரத்தை மாற்றி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். சின்னக் குண்டைப் பல்லால் கடித்துத் தங்கூசியில் இறுக்கும் பழக்கத்துக்குப் பதில் ஒரு குறடு போதும்.

வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இந்தக் கரையோரக் கர்ப்பிணிகளிடம் கேட்பவற்றோடு இதையும் சேர்க்க வேண்டும்: வீட்டில் யாராவது ஈயம் ஊற்றுகிறார்களா, எங்கே வைத்து?