அடைக்கலம் தந்த அன்னை

நம் மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை வழியாக வயநாட்டு மலையிறங்கிக் கோழிக்கோடு செல்லும் அன்பர்களிற் சிலர், ஆங்கே சாம்பல்நிற அங்கியணிந்த கன்னியாஸ்திரீகளைக் கண்டிருக்கலாம். தலையின் கறுப்பு முக்காட்டின்மேல் வெள்ளைப் பட்டைகள் கிரீடம்போல் அமைந்திருக்கும்; அவற்றில் ஐந்து சிவப்புப் புள்ளிகள். இவர்கள் புனித பிரிஜித்தம்மாள் சபையினர். 1937-ஆம் ஆண்டில் இச்சபையை இந்தியாவுக்கு அனுப்பிவைத்த அன்னை எலிசபெத் ஹெசல்பிளாட்டின் வரலாறு, பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நம்மனோர்க்கு அந்நியமன்று.

அவர் 1870-இல் சுவீடனில் பதின்மூன்று மக்களுள் ஐந்தாமவராகப் பிறந்தவர். குடும்ப வறுமையைத் தாங்கும்பொருட்டு இளவயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நியூயார்க்கில் மருத்துவத் தாதியானார். 1902-இல் கத்தோலிக்கரானார், 1904-இல் கடும் நோயுடன் உரோமை சேர்ந்தார். பிழைப்பது அரிதென்றே எண்ணப்பட்டவர் 1911-இல் சபையைப் புதுப்பித்தார்!

1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை உரோமாபுரியைக் கைப்பற்றிற்று. ஐம்பது கிலோகிராம் பொன்னை ஒன்றரை நாளில் தரவேண்டும், தவறினால் இருநூறு பேரை நாடு கடத்துவோம் என்று யூதர்க்கு ஆணை பிறந்தது. மோதிரமும் சங்கிலியும் கழற்றித் திரட்டிக் கொடுத்தனர். கொடுத்தும் பயனில்லை. அக்டோபர் 16 விடியற்காலையில் வீடு வீடாகப் புகுந்து பிடித்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். திரும்பியோர் பதினாறு பேர்.

அந்நாளில் பியாத்சா ஃபர்னேசே சதுக்கத்திலிருந்த தம் மடத்தில் அன்னை இரு யூதக் குடும்பங்களை ஒளித்துவைத்தார். மடமென்றால் காவலர் நுழையார் என்பதற்கில்லை. 1944 பிப்ரவரியில் புனித பவுல் பேராலயத்து மடத்திலேயே புகுந்து, ஒளிந்திருந்தோரை இழுத்துச் சென்றனர். அச்செய்தி நகரெங்கும் பரவிய பின்னரும் அன்னையின் கதவு அடைபடவில்லை. நகரிலோ ரொட்டிப் பங்கீடு தலைக்கு நாளொன்றுக்கு 100 கிராமாகச் சுருங்கிய காலம். விருந்தினர்க்கு மட்டுமன்றி, பசித்து வந்த ஏழைகட்கும் அச்சகோதரிகள் இயன்றதைப் பகிர்ந்தனர்.

நம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. தாமே மதம் மாறியவர். தம் நெறியில் அளவிறந்த பற்றுடையவர். தம்மையே நம்பியிருந்த அந்த யூதரை மதம் மாற்ற அவர் எள்ளளவும் முயன்றாரில்லை. அவர்தம் மறைப்படியே அவர்கள் தொழவேண்டுமென வற்புறுத்தினார். இடம் கொடுப்போர் உளர். வந்தவரை அவராகவே இருக்கவிடுவோர் அரியர். புதிய ஊரில் குடியிருக்க வீடு தேடியலைந்த நம்மவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

1944 ஜூன் 4-ஆம் நாள் நேசநாட்டுப் படை நகருள் நுழைந்தது. ஒளிந்திருந்தோர் உயிருடன் வெளிவந்தனர். அன்னை 1957 ஏப்ரல் 24-இல் உரோமையிலேயே காலமானார். திருச்சபை 2016-இல் அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்குப் பன்னிரண்டாண்டு முன்னரே, 2004-இல், எருசலேமிலுள்ள யாத் வாஷெம் நிலையம், யூதரைக் காத்த பிற இனத்துச் சான்றோர் வரிசையில் அவர் பெயரைப் பொறித்துவிட்டது.