பல பேர் சரக்கு, ஒரே பெட்டி

ராத்திரி திருநெல்வேலியை விட்டுப் புறப்படும் பார்சல் லாரியில் இருக்கும் சரக்கு ஒருத்தருடையதாக இருக்காது. பத்தமடைப் பாய்க்கட்டு நாலு, வீரவநல்லூர்ச் சேலைப் பண்டல் இரண்டு, வைக்கோல் சுற்றிய காருக்குறிச்சி மண்பானை, உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பம், முக்கூடல் பீடிப் பெட்டி, காயில் கட்டப் போகிற ஒரு மோட்டார், அல்வா அட்டைப்பெட்டி. இவற்றை அனுப்புகிறவர்களில் யாருக்கும் முழு லாரி பிடிக்கிற அளவுக்குச் சரக்கு கிடையாது. அத்தனை பேரையும் ஒரு லாரிக்குள் சேர்த்து, வாடகையைப் பங்கு போட்டு வாங்குவதுதான் பார்சல் சர்வீஸ். நெல்லை ஜங்ஷன் பக்கம் அப்படி ஒரு ஆபீஸில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்து, கிளை மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சில்லறைச் சரக்கை ரயிலில் அனுப்ப முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் எல்லா ஊருக்கும் அல்ல, இப்போது நடக்கிற முறையிலும் அல்ல.

முதலில் லாபம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பாய் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. மோட்டாரும் கருப்பட்டியும் எடையை இழுக்கும், இடம் கேட்காது. பாயை மட்டும் ஏற்றினால் லாரி நிறைந்துவிடும், காசு தேறாது. கருப்பட்டியை மட்டும் ஏற்றினால் பாதி உயரத்திலேயே அனுமதித்த எடை முடிந்துபோகும். கனத்தைக் கீழே போட்டு, லேசானதை மேலே அடுக்கி, பாய்க்கு இடத்தைப் பார்த்தும் மோட்டாருக்கு எடையைப் பார்த்தும் வாடகை போட்டால்தான் ஒரு லோடு கட்டுப்படியாகும். எங்கள் லோடுமேன்களில் மூத்தவர்கள் கூடத்தில் குவிந்திருக்கும் சரக்கைக் கண்ணால் பார்த்தே எது முதலில் ஏற வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். இந்தக் கலப்பு இல்லாமல் சில்லறைச் சரக்குத் தொழிலே இல்லை.

நஷ்டம் வருவது கை மாறும் இடத்தில். பத்தமடையிலிருந்து குட்டியானை வண்டியில் வரும் பாய்க்கட்டை எங்கள் கோடவுனில் இறக்குவோம். ராத்திரி லாரியில் ஏற்றுவோம். சென்னை மாதவரத்தில் இறக்கி, கடைக்குப் போகும் சின்ன வண்டியில் மறுபடி ஏற்றுவார்கள். டெல்லிக்குப் போவதென்றால் நடுவில் இன்னும் இரண்டு மூன்று ஊர் கோடவுன் உண்டு. "பாயி நனைஞ்சாக்கூட காயப்போட்டு வித்துரலாம் தம்பி, மடிஞ்சு வரி விழுந்துட்டுன்னா யாரு வாங்குவா?" என்று பத்தமடை லாத்தா ஒருவர் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் பில்லை வாங்குவார். எங்கள் லோடுமேன் ஒருவர் அதையே வேறு மாதிரி சொன்னார்: "அண்ணாச்சி, ரோட்டுல உடைஞ்சதவிட நாம எறக்கி ஏத்தும்போது உடைஞ்சதுதாம்லா சாஸ்தி."

நெல்லைக்கு ரயில் வந்தது 1876-இல். இங்கிருந்து கல்லிடைக்குறிச்சிக்கும் செங்கோட்டைக்கும் 1902, 1903-இல் பாதை நீண்டது. மலையடிவார ஊர்களின் சரக்கு ஒரு காலத்தில் இந்தப் பாதையில்தான் போனது. அப்போது ஒரு மூட்டையைக்கூட குட்ஸ் ஷெட்டில் கொண்டுபோய் 'ஸ்மால்ஸ்' என்று புக் செய்யலாம். அந்த மூட்டை எப்போது போய்ச் சேரும் என்றுதான் யாராலும் சொல்ல முடியாது. 1981-இல் நாகர்கோவில் வழியாக அகலப்பாதை நெல்லைக்கு வந்தது. மதுரைப் பக்கம் அப்போதும் மீட்டர்கேஜ்தான். திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் போகிற மூட்டையை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றியாக வேண்டியிருந்தது. இறக்கி ஏற்றும் செலவும் சேதமும் வியாபாரிகளைச் சலிப்படைய வைத்தன. 1980-களில் ரயில்வேயும் நிலக்கரி, சிமெண்ட், உரம், தானியம் என்று முழு ரேக்காக ஓடும் சரக்கின் பக்கம் திரும்பியது. ஒரே சரக்கு, ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்குவது. ரயில்வேயின் கணக்கு அதில் சரியாக வந்தது. சிப்பம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் போன்ற லாரி ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள்.

இன்றைக்கும் ரயிலில் பார்சல் போகத்தான் செய்கிறது. பயணிகள் வண்டியின் முன்னும் பின்னும் இருக்கும் எஸ்.எல்.ஆர். பெட்டியில் ஓர் அறைக்குச் சுமார் 4 டன் கொள்ளும். தனிப் பார்சல் வேன் என்றால் 23 டன். இந்த இடங்களைத் தனியார் குத்தகைக்கு எடுத்து, பல பேர் சரக்கைச் சேர்த்து அனுப்புகிறார்கள். லாரி ஆபீஸ் செய்யும் அதே வேலைதான், தண்டவாளத்தின் மேல். ஆனால் சரக்கு ஏற்ற வண்டி ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும். சேரன்மகாதேவியிலும் கல்லிடைக்குறிச்சியிலும் எத்தனை வண்டி அவ்வளவு நேரம் நிற்கிறது? ஆகவே பாயும் பானையும் தண்டவாளத்தை ஒட்டியே ரோட்டில் நெல்லைக்கு வந்து, இங்கே தள்ளுவண்டியில் பிளாட்பாரத்துக்குப் போய் வண்டியேறுகின்றன. சென்னையில் இறங்கி, மறுபடி தள்ளுவண்டி, மறுபடி டெம்போ. கை மாறுவது லாரியைவிட இதில் அதிகம்.

இதற்கு உலகம் கண்ட வழி, சரக்கைத் தொடாமல் சரக்கு இருக்கும் பெட்டியை, அதாவது கன்டெய்னரை, அப்படியே மாற்றுவது. சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நடுவே அமெரிக்கப் பார்சல் கம்பெனிகள் தங்கள் 28 அடி டிரெய்லர்களை அப்படியே தூக்கி ரயில் தட்டில் வைத்து அனுப்புகின்றன. ஊருக்குள் சேகரிப்பதும் கொடுப்பதும் லாரி, நடுவில் நெடுந்தூரம் ரயில். நம் நாட்டில் கொங்கண் ரயில்வே 1999-இல் இன்னும் ஒரு படி மேலே போய், மகாராஷ்டிரத்தின் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணாவுக்கு லாரியையே டிரைவரோடு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனது. மலைப்பாதையில் லாரி படும் பாடு அங்கே மிச்சம். 2022-இல் அஞ்சல் துறையும் ரயில்வேயும் சேர்ந்து சூரத்துக்கும் வாராணசிக்கும் நடுவே ஒரு பார்சல் சேவை தொடங்கின. வியாபாரியின் வாசலில் வாங்குவதும் வாசலில் கொடுப்பதும் தபால்காரர் பொறுப்பு, இடையில் சுமப்பது ரயில். ரயில்வே கடை கடையாகப் போய் மூட்டை கேட்க வேண்டியதில்லை. அந்த வேலை தெரிந்தவர்களிடம் அதை விட்டுவிடலாம் என்பதை இந்த ஏற்பாடு காட்டிவிட்டது.

இப்போது நெல்லைக்கு வருவோம். சென்னைக்கு ரயில் பெட்டி தேவையில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். தூரம் சுமார் 650 கிலோமீட்டர். ராத்திரி ஏற்றினால் மறுநாள் கடை வாசலில் லாரி நிற்கும். பெட்டியை இந்த முனையில் ஒரு தடவை தூக்கி, அந்த முனையில் ஒரு தடவை இறக்கி, இரண்டு பக்கமும் டிரெய்லர் வாடகை கொடுத்தால், ரயிலில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். தூரம் கூடக்கூடத்தான் இந்தக் கணக்கு மாறும். டெல்லி இங்கிருந்து ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு டீசல், டோல், இரண்டு டிரைவர், வழியில் மூன்று கோடவுன் என்று லாரிச் செலவு ஏறிக்கொண்டே போகும். பெட்டியைத் தூக்கி வைக்கும் செலவோ எவ்வளவு தூரமானாலும் ஒன்றுதான். டெல்லி, சூரத், ராய்ப்பூர், கொல்கத்தா. நெல்லைச் சிப்பம் ரயிலேற வேண்டிய திசைகள் இவை.

திரும்பி வர என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சரியான கேள்வி. காலிப் பெட்டி திரும்பினால் அனுப்புகிறவன் தலையில்தான் இரண்டு வாடகையும் விழும். ஆனால் தாமிரபரணிக் கரையில் பீடி சுற்றும் வீடுகளுக்கு இலை எங்கிருந்து வருகிறது? சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப் பிரதேசக் காடுகளிலிருந்து. நெல்லை ஜவுளிக் கடைகளில் தொங்கும் சேலையில் பெரும்பங்கு சூரத்துச் சரக்கு. பிலாஸ்பூருக்கும், சூரத், ராஜ்கோட் வழியாக ஜாம்நகருக்கும் நெல்லையிலிருந்து பயணிகள் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உண்மையில் நெல்லைக்கு வருகிற சரக்குதான் அதிகம், போகிறதுதான் குறைவு. பெட்டி வடக்கிலிருந்து நிறைந்து வரும். அதை இங்கிருந்து நிறைத்து அனுப்புவதே எங்கள் முன்னே இருக்கும் வேலை.

ஒரு 20 அடிப் பெட்டிக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம் உண்டு. எந்த ஒரு பார்சல் ஆபீஸும் நெல்லையிலிருந்து டெல்லிக்கு மட்டும் அதைத் தனியாக நிறைப்பது கஷ்டம். நாலைந்து ஆபீஸ் சேர்ந்தால் நிறையும். கலப்பும் நன்றாக அமையும். ஒருவரிடம் பாய் அதிகம், இன்னொருவரிடம் மோட்டாரும் உதிரிப்பாகமும். போட்டிக் கம்பெனியின் சிப்பத்தோடு நம் சிப்பத்தை ஒரே பெட்டியில் வைப்பதா என்று முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். வாடிக்கையாளர் பெயரை மற்றவன் பார்த்துவிடுவான் என்ற பயம்தான். சிப்பத்தில் பெயர் எழுதாமல் மார்க்காவும் எண்ணும் மட்டும் போட்டால் அந்தப் பயம் தீரும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். லாரி எண் இருந்த இடத்தில் ரயில் ரசீது எண்ணைப் போட இப்போதே வழி இருக்கிறது.

அடுக்கும் முறையும் மாற வேண்டும். லாரியில் அடி கீழிருந்து வரும், பள்ளமும் வேகத்தடையும் சேர்ந்து தூக்கிப் போடும். ரயிலில் அடி முன்னும் பின்னும் வரும். வேகன்களைக் கோக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளும். லாரிக்குக் கட்டியது போலவே காருக்குறிச்சிப் பானையைக் கட்டி ரயில் பெட்டியில் வைத்தால் தப்பாது. பெட்டியின் இரு கோடியிலும் சட்டம் அடித்து, இடைவெளி விடாமல் நெருக்கி, பானைக்கும் மோட்டாருக்கும் நடுவே பாய்க்கட்டை நிறுத்த வேண்டும். எங்கள் லோடுமேன்களுக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும், அவர்களே அடுத்த கட்டத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எங்கே வைத்துச் செய்வது? தூத்துக்குடி அருகே மீளவிட்டானில் கான்கார் கன்டெய்னர் முனையம் இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் துறைமுகத்து வேலை. என் மனதில் இருப்பது கங்கைகொண்டான். ரயில் நிலையம், சிப்காட், நான்குவழிச்சாலை மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும் இடம் நம் பக்கத்தில் வேறு இல்லை. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை பாதையும் இப்போது இரட்டையாகிவிட்டது. பெட்டியைத் தூக்க ஓர் இயந்திரம், மழைக்கு ஒரு கூரை, ஒரு எடை மேடை. ஆரம்பத்துக்கு இவ்வளவு இருந்தால் போதும்.

இவற்றைவிட முக்கியம் கிழமை. வாரம் ஒரு நாள் பெட்டி கிளம்பும் என்று சொன்னால் அந்த நாளில் கிளம்பியாக வேண்டும், பாதிதான் நிறைந்திருந்தாலும். பெட்டி நிறையட்டும் என்று ரயில்வே காத்திருந்தால் சிப்பம் வராது, சிப்பம் வராவிட்டால் பெட்டி ஒருநாளும் நிறையாது. முதல் சில மாதங்களுக்கு அந்தப் பாதிப் பெட்டியின் நஷ்டத்தில் ரயில்வே எவ்வளவு ஏற்கும், பார்சல் கம்பெனிகள் எவ்வளவு ஏற்கும், பாய் மடிந்தாலோ பானை உடைந்தாலோ பத்தமடையிலும் காருக்குறிச்சியிலும் இருப்பவர்கள் எந்த ஒரு ரசீதோடு எந்த ஒரு ஆபீஸுக்கு வந்து கேட்க வேண்டும் என்பதை மதுரைக் கோட்ட அதிகாரிகளும் நெல்லைப் பார்சல் முதலாளிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.